வர வேண்டிய மறதி வராதவர்கள்: அல்சைமரைத் தடுக்கும் மரபணுக்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவருக்கு அறளை பெயர்ந்துவிட்டால், அதாவது முதுமையில் நினைவு தடுமாறிவிட்டால், பிள்ளைகளின் மனதில் எழும் முதல் கேள்வி "எனக்கும் வருமோ?" என்பதுதான். பெரும்பாலும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறதென்றால் இன்னும் அடக்கி வைப்பார்கள். அம்மம்மாவுக்கு வந்தது, பெரியம்மாவுக்கும் வந்தது, அடுத்தது அம்மாவா, பிறகு நானா என்று கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

அதே குடும்பங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். தங்கை எழுபது வயதில் பிள்ளைகளின் பெயரை மறக்கிறார். அக்கா தொண்ணூறைத் தாண்டியும் யார் யாருக்கு என்ன முறை என்று நாலு தலைமுறைக்குச் சொல்கிறார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அடுப்புச் சாப்பாடு. அக்காவை ஏன் இந்த வருத்தம் தொடவில்லை என்று நாங்கள் கேட்பதில்லை. "அவவுக்கு நல்ல ஞாபகசக்தி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மரபணு ஆராய்ச்சியும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. நோய் வந்தவர்களிடம் என்ன பிழை இருக்கிறது என்றே தேடினார்கள். வந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏன் வரவில்லை என்ற தேடல் கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் வேகம் பிடித்தது. அல்சைமர் என்ற மறதிநோயைப் பற்றி இன்று எங்களுக்குள்ள மிக நம்பிக்கையான விளக்கங்கள் அந்தத் தேடலிலிருந்தே வந்தவை என்பது என் கருத்து. அவை எப்படிப்பட்ட ஊர்களிலிருந்து, எப்படிப்பட்ட பதிவுகளிலிருந்து கிடைத்தன என்பதை யாழ்ப்பாணத்தவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

முதலில் நோயைக் கொஞ்சம் பார்ப்போம். 1906 இல் ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், ஐம்பதுகளில் நினைவை இழந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் தான் கண்டதை அறிவித்தார். நரம்புக்கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். கலங்களுக்கு உள்ளே முறுக்கிப் பின்னிய நார்கள். படிவுகள் அமிலாய்டு பீற்றா என்ற புரதத் துண்டுகளால் ஆனவை, நார்கள் டௌ என்ற இன்னொரு புரதத்தால் ஆனவை என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது.

இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அமிலாய்டு முன்னால் வருகிறது. அது படியத் தொடங்கி முதல் மறதி வெளியே தெரிய 15, 20 ஆண்டுகள்கூட ஆகலாம். டௌ, மூளையின் நினைவுப் பகுதியை ஒட்டிய ஒரு சிறு இடத்தில் முதலில் குவிந்து, பின்னர் கிடுகு வேலியின் ஒரு மூலையில் பிடித்த நெருப்பு பக்கத்துக் கிடுகுக்குத் தாவுவதைப் போல, கலத்திலிருந்து கலத்துக்குப் பரவுகிறது. ஒருவருக்கு மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது பெரும்பாலும் டௌ எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதோடுதான் ஒத்துப்போகிறது. அமிலாய்டு நிறைய இருந்தும் தெளிவாக இருக்கும் முதியவர்கள் உண்டு. டௌ எங்கும் பரவிய பிறகு தெளிவாக இருப்பவர்களைக் காண்பது அரிது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாக விளங்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே நோயைக் கிட்டத்தட்ட உறுதியாகக் கொண்டுவரும் மரபணு விகாரங்கள் மூன்று மரபணுக்களில்தான் இருக்கின்றன: 21ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஏபிபி, 14இல் உள்ள பிரெசெனிலின் 1, 1இல் உள்ள பிரெசெனிலின் 2. இவற்றால் வரும் நோய் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளிலேயே தொடங்கிவிடும். உலகில் அல்சைமர் உள்ளவர்களில் இவர்கள் ஒரு வீதத்துக்கும் குறைவு. எழுபத்தைந்து வயதில் அம்மம்மாவுக்கு வந்த மறதி இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்க அநேகமாக வாய்ப்பில்லை. கலியாணப் பேச்சில் இதைக் காரணம் காட்டுபவர்களுக்கு இந்த ஒரு தகவல் போதும் என்று நினைக்கிறேன்.

கொலம்பிய மலையில் ஒரு பெண்

கொலம்பியாவின் அந்தியோக்கியா மாகாணத்தில், மெடெல்லின் நகரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில், நாற்பதுகளிலேயே மனிதர்கள் நினைவிழந்து போகும் குடும்பங்கள் இருந்தன. சாபம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1980களில் பிரான்சிஸ்கோ லொப்பேரா என்ற இளம் நரம்பியல் வைத்தியர் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போகத் தொடங்கினார். அவரும் அவரோடு வேலை செய்த தாதியரும் வீடு வீடாகப் போனார்கள். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் மரணப் பதிவேடுகளையும் புரட்டி, யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வயதில் எப்படி இறந்தார் என்று தலைமுறை தலைமுறையாக வம்சாவளி வரைந்தார்கள். அந்த ஆண்டுகளில் அது ஆயுதக் குழுக்களும் போதைப்பொருள் கும்பல்களும் சண்டையிட்டுக்கொண்டிருந்த பிரதேசம். ஆராய்ச்சி என்பது அமைதியான நாடுகளில், பணக்காரப் பல்கலைக்கழகங்களில் மட்டும் நடக்கும் ஒன்று என்று நம்புபவர்களுக்கு லொப்பேராவின் வாழ்க்கை நல்ல மறுமொழி. அவர் 2024 செப்டெம்பரில் காலமானார்.

காரணம் 1995 இல் தெரிந்தது. பிரெசெனிலின் 1 மரபணுவில் ஒரேயோர் இடத்து மாற்றம். அந்த விரிந்த குடும்பத்தில் ஏறத்தாழ 6,000 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 1,000 பேருக்கு மேல் அந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். சுமப்பவருக்குச் சராசரியாக 44 வயதில் மறதி தலைகாட்டும். 49 வயதளவில் அது முழு மறதிநோயாகிவிடும்.

அந்தக் குடும்பத்தில் அலிரியா ரோசா பியெத்ராயிட்டா டி வில்யேகாஸ் என்ற பெண் இருந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு அவர் பெயர் பின்னர் வெளியிடப்பட்டது. அவரும் அந்த மாற்றத்தைச் சுமந்தார். நாற்பதுகள் கழிந்தன, ஐம்பதுகள் கழிந்தன, அறுபதுகளும் கழிந்தன. ஒன்றும் நடக்கவில்லை. எழுபதுகளில்தான் லேசான மறதி தொடங்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுத் தாமதம்.

அவரை அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அழைத்துப்போய் மூளையை ஸ்கான் செய்தார்கள். அமிலாய்டு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி இல்லை. அதே குடும்பத்தில் நோய் வந்தவர்களைவிடவும் அதிகமாக இருந்தது. ஆனால் டௌ மிகக் குறைவு. மூளை சுருங்கவும் இல்லை. நெருப்பு மூட்டப்பட்டுவிட்டது, ஆனால் பரவவில்லை.

அவருடைய மரபணுத் தொகுதியை முழுக்க வாசித்தபோது, ஏபோஈ என்ற மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இரண்டு பிரதிகளிலும் இருந்தது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் முன்னொரு காலத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் இதற்குக் கிறைஸ்ட்சேர்ச் மாற்றம் என்றே பெயர். 2019 இல் இந்தச் செய்தி வெளியானது. 2020 இல் அலிரியா 77 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய மூளை தானமாகக் கொடுக்கப்பட்டது. ஸ்கானில் தெரிந்ததை அந்த மூளையும் உறுதிப்படுத்தியது.

ஒரு நோயாளியை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. அதற்கான பதில் 2024 இல் வந்தது. அதே குடும்பத்தில் பிரெசெனிலின் மாற்றத்தோடு கிறைஸ்ட்சேர்ச் மாற்றத்தின் ஒரேயொரு பிரதியையும் சுமந்த 27 பேரை ஆராய்ந்தார்கள். பிரெசெனிலின் மாற்றத்தை மட்டும் சுமந்த உறவினருக்கு இந்த ஆய்வின் கணக்கில் 47 வயதளவில் தொடங்கிய மறதி, இவர்களுக்கு 52 வயதளவில் தொடங்கியது. ஒரு பிரதிக்கு ஐந்து ஆண்டு. இரண்டு பிரதிக்கு அலிரியாவில் கண்டது முப்பது ஆண்டு. அலிரியாவின் தாமதம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தால்தான் என்று இப்போதும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திசை தெளிவாகிவிட்டது.

எப்படித் தடுக்கிறது? ஏபோஈ புரதம் கலங்களின் மேற்பரப்பில் உள்ள ஹெப்பரான் சல்பேற்று என்ற சர்க்கரைச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. டௌ ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையவும் அதே சங்கிலிகளைப் பயன்படுத்துகிறது. கிறைஸ்ட்சேர்ச் மாற்றமுள்ள புரதத்துக்கு அந்த ஒட்டும் தன்மை வெகுவாகக் குறைவு. எலிகளில் இதே மாற்றத்தைப் புகுத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வுகளில் டௌ பாதிப்புக் குறைந்தது. மூளையின் துப்புரவுக் கலங்களான மைக்ரோகிளியாவும் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்தன. இந்த மாற்றத்தின் விளைவை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு பிறபொருளெதிரியையும் எலிகளில் பரிசோதித்திருக்கிறார்கள். மனிதருக்கு மருந்தாக வர இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது.

அதே கொலம்பியக் குடும்பத்தில் 2023 இல் இன்னொருவரைப் பற்றியும் அறிவித்தார்கள். 67 வயது வரை தெளிவாக இருந்த ஓர் ஆண். அவரிடம் கிறைஸ்ட்சேர்ச் மாற்றம் இல்லை. ரீலின் என்ற வேறொரு புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருந்தது. சுவாரசியம் என்னவென்றால், ரீலினும் ஏபோஈயும் நரம்புக்கலங்களில் ஒரே வாங்கிகளில்தான் போய்ப் பொருந்துகின்றன. அவருடைய மூளையிலும் அமிலாய்டு நிறைய. டௌ முதலில் குவியும் அந்தச் சிறு இடம் மட்டும் காப்பாற்றப்பட்டிருந்தது. இருவேறு மரபணுக்கள் ஒரே குடும்பத்தில் ஒரே கட்டத்தில் நோயை மறித்திருக்கின்றன. அமிலாய்டுக்கும் மறதிக்கும் நடுவே மறிக்கக்கூடிய இடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஐஸ்லாந்தும் ஒரு கசப்பான பாடமும்

கொலம்பியாவில் கண்டது இரண்டாவது கட்டத்தைத் தடுக்கும் மரபணுக்கள். முதல் கட்டத்தையே குறைக்கும் ஒன்றும் இருக்கிறது. 2012 இல் ஐஸ்லாந்தில் 1,795 பேரின் முழு மரபணுத் தொகுதியை வாசித்தபோது, ஏபிபி மரபணுவில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. அமிலாய்டு துண்டுகள் ஏபிபி என்ற பெரிய புரதம் வெட்டுப்படும்போதுதான் உருவாகின்றன. இந்த மாற்றம் வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் நொதியம் அங்கே சரியாக வெட்ட முடியாமல் அமிலாய்டு உற்பத்தி ஏறத்தாழ 40 வீதம் குறைகிறது. 85 வயதைத் தாண்டியும் நோயில்லாமல் இருந்தவர்களிடம் இந்த மாற்றம், அல்சைமர் உள்ளவர்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வட ஐரோப்பாவுக்கு வெளியே இதைக் காண்பது மிக அரிது.

அதே புள்ளியில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் வந்தால் பாதுகாப்பு. வலின் வந்து, அதுவும் இரண்டு பிரதிகளிலும் வந்தால், இளம் வயதிலேயே நோய். இத்தாலியில் ஒரு குடும்பத்தில் அதையும் கண்டிருக்கிறார்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடமிருந்தும் இதே செய்தி வருகிறது. அவர்களுக்கு 21ஆம் நிறமூர்த்தம் மூன்று பிரதிகள். ஏபிபி மரபணுவும் மூன்று. நாற்பது வயதாகும்போதே அநேகமாக எல்லோருக்கும் அமிலாய்டு படிந்துவிடுகிறது. 1998 இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு 21ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதிதான் கூடுதலாக இருந்தது, ஏபிபி அந்தப் பகுதிக்குள் விழவில்லை. 78 வயது வரை அல்சைமர் இல்லாமல் வாழ்ந்தார்.

இத்தனை சான்றுகள் இருக்கும்போது, வெட்டும் நொதியத்தையே மருந்தால் அடக்கினால் போதுமே என்று பெரிய நிறுவனங்கள் நினைத்ததில் வியப்பில்லை. அந்த மருந்துகள் பல ஆயிரம் பேரில் பரிசோதிக்கப்பட்டு, 2017 முதல் 2019 வரை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. பலன் இல்லை. சிலவற்றில் மருந்து எடுத்தவர்களின் நினைவாற்றல் இன்னும் சற்று மோசமானது. பிறந்த நாள் முதல் எண்பது ஆண்டுகள் அமிலாய்டு கொஞ்சம் குறைவாக இருப்பதும், எழுபது வயதில், படிவு நிறைந்த பிறகு, மூளைக்கு வேறு வேலைகளுக்கும் தேவைப்படும் ஒரு நொதியத்தை அடக்குவதும் ஒன்றல்லவே. பாதுகாக்கும் மரபணு என்ற செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் அடுத்த வருடம் மருந்து வந்துவிடும் என்று நம்பும் குடும்பங்கள் இந்தத் தோல்வியையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீண் நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

எல்லோரிடமும் இருக்கும் மரபணு

கிறைஸ்ட்சேர்ச்சும் ஐஸ்லாந்து மாற்றமும் அரியவை. எங்களில் அதிகம் பேரைத் தொடுவது சாதாரண ஏபோஈதான். இது 19ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தை உருவாக்குகிறது. 299 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் இரண்டே இடங்களில் உள்ள வேறுபாட்டால் ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகைகள். ஒவ்வொருவரிடமும் இவற்றில் இரண்டு இருக்கும், பெற்றோரிடமிருந்து ஒவ்வொன்று. உலகளவில் ஈ3தான் முக்கால் பங்குக்கு மேல். ஈ4 ஏறத்தாழ 14 வீதம், ஈ2 ஏழெட்டு வீதம்.

ஈ4 அல்சைமர் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1993 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு கண்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஒரு பிரதி இருந்தால் சுமார் மூன்று மடங்கு, இரண்டு பிரதி இருந்தால் பத்து மடங்கை ஒட்டியோ அதற்கு மேலோ. அடுத்த ஆண்டே ஈ2 எதிர்த்திசையில் வேலை செய்கிறது என்றும் தெரிந்தது. ஆனால் ஈ4 பெற்ற கவனத்தில் கால் பங்குகூட ஈ2வுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பிரதி ஈ2 உள்ளவர்கள் மிகச் சிலரே என்பதால் அவர்களைத் திரட்டுவதும் கடினம். இறப்புக்குப் பின் மூளையைப் பரிசோதித்து உறுதிசெய்த 5,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2020 இல் ஒரு கணக்கு வந்தது. இரண்டு பிரதி ஈ3 உள்ளவரோடு ஒப்பிட, இரண்டு பிரதி ஈ2 உள்ளவருக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று.

ஈ2 முழு வரமும் இல்லை. இரண்டு பிரதி உள்ளவர்களில் சிலருக்கு இரத்தக் கொழுப்பு ஒரு குறிப்பிட்ட வகையில் ஏறி இருதய நோய் வரலாம். மூளை இரத்தக் குழாய்களில் அமிலாய்டு படிந்த முதியவர்களுக்கு இரத்தக் கசிவு வாய்ப்பும் ஈ2வோடு கூடுகிறது. அப்படியிருந்தும், இரண்டு பிரதி ஈ4 உள்ளவர்களின் மூளைக்கு ஈ2 மரபணுவை ஊசி வழியாகச் செலுத்திப் பார்க்கும் மனிதப் பரிசோதனை அமெரிக்காவில் ஏற்கனவே தொடங்கிவிட்டது. இப்போதைக்குச் சிறிய, பாதுகாப்பைப் பார்க்கும் கட்டம்தான்.

மைக்ரோகிளியாவின் வேலையைச் சற்றுக் கூட்டிப் பாதுகாப்புத் தரும் ஒரு மாற்றம் பிஎல்சிஜி2 என்ற மரபணுவில் 2017 இல் கண்டறியப்பட்டது. ஈ4 உள்ளவர்களில் சிலருக்குக் குளோத்தோ மரபணுவின் ஒரு வடிவம் கைகொடுப்பதாக 2020 இல் ஆய்வு வந்தது. இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், ஒவ்வொன்றாகச் சொல்ல இங்கே இடமில்லை.

மரபணுவில் விடை கிடைக்காத ஒருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டக் விட்னி என்பவர் பிரெசெனிலின் 2 மாற்றத்தைச் சுமக்கிறார். அவர் குடும்பத்தில் ஐம்பதை ஒட்டியே நோய் தொடங்கும். எழுபதுகளின் நடுவிலும் அவர் தெளிவாக இருந்தார். 2025 இல் வெளியான ஆய்வில் அவரிடம் ஈ2வும் இல்லை, கிறைஸ்ட்சேர்ச்சும் இல்லை. அமிலாய்டு நிறைய, டௌ மூளையின் பிடரிப் பக்கப் பகுதியோடு நின்றுவிட்டது. வெப்பத்தால் தூண்டப்படும் காப்புப் புரதங்கள் அவரில் அதிகமாக இருந்தன. அவர் கடற்படையில் கப்பலின் இயந்திர அறை வெக்கையில் பல காலம் வேலை செய்தவர். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. வெயிலில் வெங்காயத் தோட்டம் கொத்தினால் மறதி வராது என்று யாரும் இதிலிருந்து கிளப்பிவிடாமல் இருந்தால் சரி.

எங்கள் இரத்தத்தைப் பற்றி

மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து எடுத்தவை. 2022 இல் 75 மரபணு இடங்களை அடையாளம் கண்ட பெரிய ஆய்வும் அவர்களை வைத்தே செய்யப்பட்டது. இது சிறிய குறை என்று தட்டிக்கழிக்க முடியாது. நைஜீரியாவின் இபாதான் நகர யொரூபா மக்களில் ஈ4 அந்த அளவு வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஜப்பானியரில் மாறாக வலுவாகக் கூட்டுகிறது. அதே ஈ4, ஆனால் அதைச் சுற்றியுள்ள மரபணுப் பின்னணி வேறு. அப்படியென்றால் யாழ்ப்பாணத் தமிழருக்கு எந்த எண் பொருந்தும்?

எங்களுக்கு அருகில் நடந்தவற்றில் இந்தியாவின் ஹரியானா மாநில பல்லப்கர் கிராமங்களின் ஆய்வு பேர்பெற்றது. அங்கே அல்சைமர் மிகக் குறைவாகக் காணப்பட்டது. ஈ4வும் ஒப்பிட்ட அமெரிக்க ஊரைவிடக் குறைவு. மஞ்சளும் மரக்கறியும்தான் காரணம் என்று அதைச் சொல்லித் திரிந்தவர்கள் உண்டு. ஆனால் நோய் வந்தவர்கள் சீக்கிரம் இறந்துபோவதும், மறதியை வயதின் இயல்பு என்று வீட்டார் சொல்லாமல் விடுவதும் எண்ணைக் குறைத்துக் காட்டும். 2023 இல் வெளியான அகில இந்திய ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 வீதத்தினருக்கு மறதிநோய் என்று கணக்கிட்டார்கள். இலங்கையில் ராகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்தவர்களிடையே செய்து 2003 இல் வெளியான ஆய்வில் அது சுமார் 4 வீதம். நாங்கள் பாதுகாக்கப்பட்ட இனம் என்ற எண்ணத்துக்கு இவற்றில் ஆதாரம் இல்லை. பாதுகாக்கும் மரபணு எங்களிடையே சிலரிடம் இருக்கக்கூடும் என்பது வேறு. அதைத் தேட வேண்டும்.

தேடுவதற்கு யாழ்ப்பாணம் நல்ல இடம். மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறைகளாக நடந்த சமூகம் இது. உறவுக்குள் கலியாணம் செய்யும் சமூகங்களில் ஓர் அரிய மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் ஒருவரிடம் சேரும் வாய்ப்பு அதிகம். அலிரியாவிடம் நடந்தது அதுவே, ஒரு பிரதியோடு நின்றிருந்தால் அவர் கதை உலகத்துக்குத் தெரிந்திருக்காது. உறவுக் கலியாணத்தின் தீமைகளைப் பற்றி வைத்தியர்கள் சொல்வது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஏற்கனவே நடந்து முடிந்த கலியாணங்களின் பிள்ளைகளிடம் இந்த அறிவும் ஒளிந்திருக்கலாம் என்கிறேன்.

எச்சிலில் ஒரு பயம்

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகள், பொழுதுபோக்குக்காக எச்சிலை ஒரு குழாயில் அனுப்பி டிஎன்ஏ ரிப்போர்ட் எடுக்கிறாள். பூர்வீகம் பார்க்கத்தான் எடுத்தாள். கூடவே ஈ4 ஒரு பிரதி என்று வருகிறது. "அம்மா, எனக்கு அல்சைமர் மரபணு இருக்காம்" என்று இரவோடிரவாக யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி. இப்படிப்பட்ட அழைப்புகள் இனி அதிகமாகும். வீட்டில் நேரடியாக வாங்கும் பரிசோதனைகளில் ஈ4 தகவல் தர அமெரிக்க அரசு 2017 இலேயே அனுமதித்துவிட்டது.

மகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஒரு பிரதி ஈ4 உள்ளவர்களில் ஏராளமானோருக்கு வாழ்நாளில் நோய் வருவதேயில்லை. அந்த ரிப்போர்ட் கூட்டும் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. உங்களிடம் ரீலின் மாற்றமோ, கிறைஸ்ட்சேர்ச்சோ, இன்னும் பெயர் வைக்கப்படாத எங்கள் ஊர் மாற்றம் ஏதாவதோ இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. அறிகுறி இல்லாத ஒருவர் வெறும் அறியும் ஆவலில் இதைச் செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். அம்மாவுக்கு அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் போன்ற மருந்து வெளிநாட்டில் கொடுக்க யோசித்தால் மட்டும் ஈ4 பரிசோதனை அவசியம். இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் அந்த மருந்தால் அதிகம் வருகின்றன.

இங்கே அம்மாவுக்கு உண்மையிலேயே மறதி கூடியிருந்தால் மரபணுவுக்கு முன் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போக வேண்டும். தைரொயிட், பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாமே மறதி வேடத்தில் வரும், எல்லாவற்றுக்கும் வழி உண்டு. பிரஷர், நீரிழிவு, காது கேளாமை, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைக் கவனித்தால் உலகின் மறதிநோயில் 45 வீதம் வரை தவிர்க்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் கணக்கிட்டது. ஈ2 கிடைக்காதவர்களுக்கும் இது திறந்தே இருக்கிறது.

வம்சாவளியில் விடுபடும் வரி

லொப்பேராவுக்கு உதவியவை தேவாலயப் பதிவேடுகள். எங்களிடம் அதைவிட விரிவான ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் வெளியிடும் கல்வெட்டு. பிறந்த திகதி, இறந்த திகதி, பெற்றோர், சகோதரங்கள், யாரைக் கட்டினார், பிள்ளைகள் எந்த நாட்டில், பல கல்வெட்டுகளில் ஐந்தாறு தலைமுறை வம்சாவளிப் படம். போரிலும் இடப்பெயர்விலும் கச்சேரிப் பதிவுகளும் வீட்டுப் பெட்டிகளும் தொலைந்தபோதும், இந்தச் சிறு புத்தகங்கள் உறவினர் வீடுகளில் சிதறித் தப்பின. நூலகம் இணையத்தளத்தில் இத்தகைய நினைவு மலர்கள் ஏராளமாக மின்வடிவில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு மரபியல் ஆராய்ச்சியாளர் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்.

அந்தப் பக்கங்களில் தேவாரமும் இருக்கும், மறைந்தவரின் குணநலன்களும் இருக்கும். கடைசிக் காலத்தில் அவருடைய நினைவு எப்படி இருந்தது என்பது மட்டும் இருக்காது. மரியாதைக்காகத்தான் விடுகிறார்கள், அது புரிகிறது. அதை அச்சில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் தனிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். மறதி தொடங்கியது ஏறத்தாழ எந்த வயதில், முதலில் மறந்தது என்ன, வைத்தியர் என்ன பெயர் சொன்னார், பாரிசவாதமோ தலையடியோ முன்னால் நடந்ததா, எத்தனை வருடம் அப்படி வாழ்ந்தார். மறதி வராமல் தொண்ணூறைக் கடந்தவருக்கும் தனி வரி வேண்டும், அவருடைய பெற்றோர் சொந்த மச்சான் மச்சாளா என்பதோடு.

1978 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இயங்குகிறது. அங்கே ஒருநாள் யாராவது இந்தத் தேடலைத் தொடங்கும்போது, சம்மதத்தோடு கொடுக்கும் சிறிது இரத்தமும் இந்தக் குறிப்புப் புத்தகமும் ஒன்றாகச் சேர வேண்டும். இரத்தத்தை அப்போது எடுக்கலாம். குறிப்பை எழுத, விபரம் தெரிந்த பெரியம்மாவோ சித்தப்பாவோ இருக்கும் இந்த வருடத்தில்தான் முடியும்.